வாசுகி மயங்கி விழவில்லை

மலேசியாவில் இருக்கும் கேமரன் மலைக்கு ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். மற்றவர்கள் அங்கே ஸ்ட்ராபெரி பறிக்கப் போவார்கள், தேயிலைச் சரிவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். என் பையில் இரண்டு ஸ்வெட்டர், வயிற்றுக்கு ஓர் அட்டை மாத்திரை, பிளாஸ்டிக் உறைக்குள் கசங்காமல் வைத்த ஒரு தாள். அந்தத் தாளில் நானும் வாசுகியும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால், அவர் விண்வெளிக்குப் போக இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். முதல் வாய்ப்பைக் கெடுத்தவன் நான். நானே சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசுகி என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. மற்றவர்களுக்கும் நான் வைத்த பெயர்கள்தான். எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோலா தெர்லாவுக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்தி இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் நான் இந்த மலை ஏறியிருக்கவே வேண்டியதில்லை.

விண்வெளியைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான். நான் எழுத ஆரம்பித்த நாட்களில் ஆட்களை மேலே அனுப்புவது அரசாங்கங்களின் வேலையாக இருந்தது. போர் விமானம் ஓட்டியவர்களைத் தேடிப் பிடித்து வருடக்கணக்கில் பழக்கி அனுப்புவார்கள். இப்போது அமெரிக்க அரசே தன் ஆட்களுக்குத் தனியார் கலத்தில் இடம் வாங்குகிறது. சீனா தனக்கென்று ஒரு நிலையத்தைக் கட்டிக்கொண்டு யாரையும் கேட்காமல் ஆள் மாற்றுகிறது. பல நாடுகள் சேர்ந்து கட்டிய பழைய நிலையத்துக்கு வயதாகிவிட்டது. கடலில் இறக்கிவிட நாள் பார்க்கிறார்கள். இந்தியாவிலிருந்து நம் ஆள் ஒருவர் தனியார் கலத்தில் ஏறி அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தார். நம் சொந்தக் கலம் இன்னும் ஆளேற்றாமல் சோதனையில் இருக்கிறது. மலேசியா பல வருடங்களுக்கு முன்பு ரஷ்யக் கலத்தில் ஒருவரை அனுப்பிக் கைதட்டியது. அதோடு சரி, அடுத்தவர் போகவில்லை.

இதற்கெல்லாம் ஓரமாக இன்னொரு கூட்டம் இருக்கிறது. பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், சில நிமிடம் மிதக்கவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தரைக்குக் கொண்டுவந்து விடுகிற தனியார் நிறுவனங்கள். அப்படி ஒரு நிறுவனம் ஒரு பயணத்தில் ஆறு இருக்கையில் ஒன்றைச் சாதாரணத் தொழிலாளி ஒருவருக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல பெயர் வாங்கத்தான், வேறென்ன. ஒரு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கும் வாசுகி, ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷின் மீதும் பிடியைத் தன் காதிலும் வைத்து, எந்த பேரிங் கெட்டுப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துக் காட்டி அனுப்பினார். தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நான் போனில் பேட்டி எடுத்தேன். வாசுகியோடு ஒரு மணி நேரம், அவருடைய அம்மா பாக்கியத்தோடு ஒன்றரை மணி நேரம். பாக்கியம் அம்மாள்தான் சொன்னார்: தைப்பூசத்தன்று பால்குடம் தூக்கிப் போனபோது வாசுகிக்கு அருள் வந்து விழுந்துவிட்டாள், கால் மணி நேரம் நினைவே இல்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கட்டுரையை இப்படித் தொடங்கினேன்: 'கால் மணி நேரம் வாசுகி இந்த உலகத்தில் இல்லை. ராக்கெட் ஏறுவதற்கு முன்பே ஒரு தடவை போய்வந்துவிட்டார்.' எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த நிறுவனம் தான் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றி எந்த மொழியில் எது வந்தாலும் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துப் படிக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவர்களுடைய மருத்துவ ஃபாரத்தில், 'எப்போதாவது நினைவிழந்து விழுந்திருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு வாசுகி 'இல்லை' என்று எழுதியிருந்தார். என் முதல் வரி 'ஆமாம்' என்றது. மறைத்துவிட்டார் என்று சொல்லி இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அவர்களுக்கு எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை ஆகும். கடைசியில் போன மாதம் பதில் வந்தது. அடுத்த பயணத்தில் ஓர் இடம் இருக்கிறது. கட்டுரையில் வந்தது மிகை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதியவரும் சம்பந்தப்பட்டவரும் கையெழுத்திட்டுத் தந்தால் மறுபடி பரிசீலிப்போம். ஃபாரத்தில் எழுதிய பதில் பொய்யாக இருந்தால் பேச்சே இல்லை, எப்போதும் இல்லை.

பொய்யாக இருக்காது என்று நான் நம்பினேன். அருள் வருவது வேறு, மயக்கம் வேறு என்று நமக்குத் தெரியும். வெள்ளைக்கார டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆகவே தாளில் தெளிவாக எழுதினேன்: 'வாசுகி மயங்கி விழவில்லை. அது என் எழுத்தின் மிகை.' எழுத்தாளனுக்கு மிகை என்று ஒப்புக்கொள்வது பெரிய தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் மலை ஏறியபோது ஏழாவது வளைவில் என் வயிறு கைவிட்டுவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த மலாய் அம்மாள் சட்டென்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார், தயாராக வைத்திருந்த மாதிரி. பிறகு உப்பும் புளிப்புமாக ஒரு காய்ந்த பழத்தை என் வாயில் வைக்கச் சொல்லிவிட்டு மலாயில், "கண்ணை மூடாதே, தூரத்து மலையைப் பார்" என்றார். அவருடைய கணவர் முன் இருக்கையிலிருந்து திரும்பி, "நான் கல்யாணத்துக்கு இந்த வழியாகத்தான் வந்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்" என்றார். அந்த அம்மாள் அவர் தலையில் தட்டினார். மேலே போகிற வீரர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வாந்தி எடுக்கிறார்கள் என்று பல தடவை எழுதியிருக்கிறேன். அவர்களுக்குப் பார்க்கத் தூரத்து மலைகூட இல்லை, பாவம்.

வாந்தி நின்றதும் பஸ்ஸும் நின்றது. கோஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று பின்சக்கரத்தை வாய்க்காலில் விட்டுவிட்டுப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. நம் ஊராக இருந்தால் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி இரண்டு கட்சி உருவாகியிருக்கும். இங்கே எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். லாரிக்காரர் மட்டும் உருண்டு போன கோஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். ஒன்றரை மணி நேரம் போயிற்று.

பிரிஞ்சாங் டவுனில் இறங்கியதும் ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்குள் நுழைந்தேன். ரொட்டி சானாய், பருப்புக் கறி. நம் பரோட்டாவின் சீமைத் தம்பி. கொஞ்சம் மெலிசு, கொஞ்சம் மொறுமொறுப்பு, சால்னாவின் காரம் கிடையாது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு குடித்த கழுநீர் டீக்கள் நினைவுக்கு வந்ததால் பயந்துகொண்டேதான் டீ கேட்டேன். இங்கே டின்பாலை ஊற்றி நுரைக்க ஆற்றித் தந்தார்கள். தேயிலையின் வாசனை எனக்குத் தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

கடைக்கார பாய் எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தார். வாசுகியைப் பார்க்க என்றேன்.

"யாரு, ராக்கெட் வாசுகியா?" என்று கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "நல்ல புள்ளண்ணே. ஆனா பாருங்க, அந்தக் கம்பெனிக்காரன் பிளைட்டையே கேன்சல் பண்ணிட்டான். நம்ம ராசி அப்படி லா. இல்லாட்டி இந்நேரம் நம்ம கடைச் சுவத்துல அது படம்தான்."

நான் டீயைக் குடித்தேன். அந்தப் பயணம் ரத்தாகவில்லை. குறித்த நாளில் ஆறு பேரோடு போய் ஆறு பேரோடு இறங்கியது. அதைப் பற்றியும் நான்தான் இரண்டு பத்தி எழுதினேன். ஊரில் ஏன் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை. பாய் என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை, அது வேறு உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை காலை வாசுகியின் கணவர் குணா என்னைக் கூட்டிப் போக வருவதாகச் சொல்லியிருந்தார். கம்போங் ராஜாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றுகிற லாரி அவருடையது. பள்ளி விடுமுறை, வழியில் கியா பார்ம் சந்தையில் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. அவித்த சோளத்தின் ஆவி ஜன்னல் வழியாக வந்தது. ஒரு சீன அம்மாள் நடுச்சாலையில் கார் காராகப் போய் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தார். குணா ஒரு சோளத்தை வாங்கி என் கையில் வைத்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

"அண்ணே, ஒன்னு சொல்லிடுறேன்" என்றார். "எங்க மாமியார்கிட்ட மட்டும் அந்த விசயத்துல வாயத் தொறந்துறாதீங்க. பிளைட் கேன்சல் ஆயிருச்சின்னு வாசுகி சொல்லி வெச்சிருக்கா. அம்மா சொன்னதுனாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அது படுத்துரும் லா. எந்திரிக்காது."

இரண்டு வருடமாக ஊர் முழுவதற்கும் அந்த ஒரே பதில்தான். பாக்கியம் அம்மாளைக் காப்பாற்றுகிற பொய் என்னையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. கடித்த சோளத்தை டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டேன்.

குணாவுக்கு மனசு பாரமாகவே இருக்க வராது. உடனே சிரித்துக்கொண்டு ஃபாரம் நிரப்பிய கதையைச் சொன்னார். ஃபாரம் இங்கிலீஷில் வந்தது. அவர் வீட்டு முன் ஐந்தடித் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சத்தமாகப் படிக்க, லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்களாம். எஸ்டேட்டில் ஒருத்தருக்கு வந்த காகிதம் எல்லோருக்கும் வந்த காகிதம். பல் விழுந்திருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது என்று படிக்கப் படிக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"மயக்கம் போட்டு விழுந்திருக்கியான்னு ஒரு கேள்வி. நான் படிச்சு முடிக்கல, எங்க மாமியார் அடுப்பங்கரையிலேர்ந்து, 'எம் பொண்ணு என்ன சீக்காளியா? இல்லன்னு போடு'ன்னாங்க. எல்லாரும் கையத் தட்டுனாங்க. வாசுகி என் மூஞ்சியப் பாத்தா. நானும் இல்லன்னு போட்டுட்டேன்."

மனைவி தன் முகத்தைப் பார்த்ததைச் சொல்லும்போது குணா கொஞ்சம் நிறுத்தினார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் கார்கள் நகர ஆரம்பித்துவிட்டன.

லயத்தில் பாக்கியம் அம்மாள் வாசலிலேயே நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கொழுந்து பறித்த கை, என் கையைப் பிடித்ததும் வலித்தது.

"வாங்க தம்பி, வாங்க. பசியாறிட்டீங்களா? மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கே."

உள்ளே முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் கட்டுரை. கண்ணாடி போட்டு, மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டியிருந்தது. என் புகைப்படத்தின் நெற்றியிலும் ஒரு பொட்டு. என் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான், அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

சுடுசோறு, மத்தி மீன் சம்பல், கோஸ் பொரியல், ரசம். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். படிக்கத் தெரியாதவர், ஆனால் என் முதல் இரண்டு வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பிறகு கோவில் கதைக்கு வந்தார். வாசுகியின் அப்பா ஒரு திருவிழாவில் குடித்துவிட்டு வந்து கரகத்தைத் தள்ளிவிட்டாராம். ஆள் போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று, கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. முப்பது வருடம் இந்த அம்மாள் கோவிலில் கடைசி வரிசை. பந்தியில் கடைசி இலை. கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க யாரும் கூப்பிட்டதில்லை.

"அன்னைக்கு எம் பொண்ணு மேல சாமி எறங்கிச்சு பாருங்க, அன்னையிலேர்ந்து மொத தீவாரனை எனக்குத்தான் காட்டுறாங்க. சாமி தேடி வந்த வீடுன்னுதான் சொல்றாங்க. நீங்க அத அச்சுலயே போட்டுட்டீங்க. நல்லா இருப்பீங்க தம்பி. இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். சாப்பாடு இறங்கியது, அதற்கும் வெட்கமாக இருந்தது.

வாசுகி வேலையில் இருந்ததால் அன்று பார்க்க முடியவில்லை. மறுநாள் புதன்கிழமை தொழிற்சாலைக்கே வரச் சொல்லியிருந்தார். காலையில் குணாவின் லாரியில் போகும்போது, சரிவுகளில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மெஷினால் கொழுந்தை வெட்டிக்கொண்டு போனார்கள். பங்களாதேஷிலிருந்து வந்த பையன்கள். ஊரில் மழை எப்படி என்று ஒருவன் போனில் கேட்டுக்கொண்டிருப்பதாக குணா சொன்னார். தமிழர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்குள்ளும் டவுனிலும்தான். படிதாண்டி உள்ளே போனதும் பச்சை இலை வாடுகிற மணம் ஆளைத் தள்ளியது. கடையில் குடித்த டீயில் நான் தேடிய வாசனை மொத்தமும் அங்கேதான் இருந்தது.

வாசுகிக்கு முப்பத்தாறு வயது. கிரீஸ் படிந்த நீலச் சட்டை, நெற்றியில் திருநீறு. கொழுந்தை உருட்டுகிற மெஷினின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். ஸ்க்ரூடிரைவர் காதில். கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்து, "இடது பக்கம் போச்சு. ஆபீஸ் கிராணி புதுசு வாங்கித் தந்தாதானே. வாங்கண்ணே, வெளிய போலாம்" என்றார்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. மூடுபனி வந்து சரிவைப் பாதி மறைத்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதற்கு அவர் கையை அசைத்துவிட்டார். "விடுங்க லா. அம்மாதான் சொன்னாங்க, நீங்க எழுதுனீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஏன் மேலே போக ஆசைப்பட்டீர்கள் என்று போனில் கேட்டபோது மனப்பாடமாக ஏதோ சொல்லியிருந்தார். இப்போது கேட்காமலே சொன்னார். "நம்ம நாட்டுக்காரரு ராக்கெட்ல போனப்ப எனக்குப் பதினேழு வயசு. டிவியில ஒரு சாமானை அந்தரத்துல விடுறாரு, அது அங்கேயே நிக்குது. நான் இங்க சேந்த நாள்லேர்ந்து தூக்குறதும் தாங்குறதும்தாண்ணே வேலை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் விட்ட ஸ்பேனர் விட்ட எடத்துலயே நிக்கிறதப் பாக்கணும். நாலு நிமிசம் போதும்."

நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். நிறுவனத்தின் பதிலையும் சொன்னேன். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். மெதுவாக, உதடு அசையப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சிரித்தார். பெரியவர்கள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"நெசமாவே கூப்புடுறாங்களா?"

"வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்."

"நீங்க மொதல்ல போடுங்கண்ணே. எழுதுனவரு நீங்கதானே."

பேனாவைத் திறந்தேன். தாளை முழங்காலில் வைத்து, முதல் எழுத்தைப் போடுவதற்காக நுனியை வைத்தும்விட்டேன். அந்த இடத்தில் ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடப் பழக்கம்; பேட்டி முடிந்து எழுந்து நிற்கும்போது கடைசியாக ஒன்று கேட்பேன், நல்ல விஷயம் அப்போதுதான் வரும். லாரியில் குணா நிறுத்திய இடம் மனதுக்குள் நெருடிக்கொண்டே இருந்தது.

"வாசுகி, அன்றைக்குக் கோவிலில் என்னதான் நடந்தது?"

அவர் மூடுபனியைப் பார்த்தார். நான் அவருக்காகக் கடல் தாண்டி வந்தவன். அவருக்கு நல்லது செய்யப் பேனாவைத் திறந்து வைத்திருந்தவன். அப்படிப்பட்ட ஆளிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அது சாமி இல்லண்ணே" என்றார். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, விழுந்துட்டேன். அந்த வாரம் பூரா எனக்கு ரெண்டு ஷிப்ட். கொழுந்து கொட்டுது, மெஷின் நிக்கக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம் வேற. அன்னைக்குக் காலையில தண்ணிகூடக் குடிக்கல. கண்ணத் தொறந்து பாத்தா மொத்தக் கூட்டமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்குது. அம்மா அழுவுறாங்க, சந்தோசத்துல. அவங்கள யாரும் அப்படிப் பாத்ததே இல்லண்ணே. நான் என்ன சொல்லட்டும்? தலையச் சுத்துது, ஒரு மிலோ கலக்கிக் குடுங்கன்னா சொல்லட்டும்?"

ஃபாரம் படித்த அன்று லயமே வாசலில் நின்றபோதும் அவரால் 'ஆமாம்' சொல்ல முடியவில்லை. சொன்னால் சாமி வரவில்லை என்று ஆகிவிடும். முதல் தீபாராதனை மறுபடி வேறு யாருக்கோ போய்விடும்.

நான் பேனாவை மூடினேன்.

"ஏண்ணே?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பட்டினியில் ஒரு தடவை விழுந்தது பெரிய குற்றமே இல்லை. 'ஆமாம்' என்று எழுதியிருந்தால் டாக்டர் இன்னும் இரண்டு சோதனை செய்துவிட்டு அநேகமாக அனுப்பியிருப்பார். ஆனால் கலம் இறங்கும்போது உடம்பின் எடை நாலைந்து மடங்காகும். ரத்தம் தலைக்கு ஏறத் தயங்கும். முன்பு விழுந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. கூட ஐந்து பேர் இருப்பார்கள். விழுந்தது தெரிந்த பிறகு விழவில்லை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்றேன்.

"உண்மையச் சொன்னா எப்பவுமே கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன்.

"அப்பறம் ஏண்ணே கேட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. பேரிங் எது போயிற்று என்று பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.  கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் நம்பியதை எழுதியவனாக இருந்திருப்பேன். அவர் மேலே போயிருப்பார். ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கை வரவில்லை. அந்த ஐந்து பேருக்காகத்தான் என்று அவரிடம் சொன்னேன். பாதி நிஜம். மீதிப் பாதி, நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாளில் இருக்கப் போகிற என் பெயருக்காக.

வாசுகி தாளை நான் கொடுத்தபடியே உறைக்குள் நுழைத்து, ஓரத்தை மடித்து, என் மடியில் வைத்தார். எங்கேயும் கிரீஸ் படவில்லை.

"இதையும் எழுதுவீங்களா?"

"வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்."

"எழுதுங்க. உங்களால எழுதாம இருக்க முடியாது. பேர மாத்திருங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுறது எங்க வீட்டுக்காருதான், அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

உள்ளே இருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெல்ட் நழுவிவிட்டதாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். திரும்பிப் பார்ப்பார் என்று உட்கார்ந்திருந்தேன். பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை கிளம்பினேன். மறுநாள் வரை நேரம் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டு தடவையும் பையைத் திறந்து மூடினேன். குணா லாரியை லயத்து வாசலில் நிறுத்திச் சத்தம் கொடுத்தார். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அன்று ஒரு கதையும் சொல்லவில்லை.

பாக்கியம் அம்மாள் லாரியின் படிவரை வந்தார். என் நெற்றியில் திருநீறு பூசினார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கம்பெனிக்காரனுங்க எம் பொண்ண மறுபடி எப்போ கூப்புடுவானுங்க?"

"கூப்பிடுவார்கள் அம்மா, சீக்கிரமே" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.